அண்ணன் வீட்டுச் சுடுதண்ணீர்

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஹீட்டர் மாட்டிய அன்று, அதன் மேல் ஒட்டியிருந்த நட்சத்திர ஸ்டிக்கரை யாரும் கிழிக்கக் கூடாது என்று அண்ணன் உத்தரவு போட்டார். அஞ்சு நட்சத்திரம். கரண்டை மிச்சம் பண்ணும் சாதி என்று அர்த்தமாம். அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. குளிக்கப் போகிறவன் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டா நிற்பான்? ஆனால் வருகிற ஒறம்பரை, விருந்தாளி எல்லாரையும் அண்ணன் குளியலறைக் கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அவர்களும் கோயிலில் நிற்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களிடம் எதைக் காட்டினாலும் நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்வார்கள். அதை நம்புகிறவன்தான் முட்டாள். அண்ணன் நம்பினார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மேட்டுப்பாளையத்தில் ஒரு கிழங்கு மண்டியில், ஊட்டி லாரியில் வந்து இறங்கும் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் தரம் பிரித்து எடை போடுகிற வேலை. அண்ணன் காலேஜ் போனவர், பாக்கு கமிஷன் வியாபாரம். அவர் குடும்பம், என் குடும்பம் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மீட்டரில். அவர் குடும்பம் என்றால் அண்ணியும் காலேஜ் போகிற மகளும். என் குடும்பம் என்றால் நானும் என் மனைவியும்தான்.

நான் பயந்த சுபாவம். கேஸ் சிலிண்டரைத் திருகி மூடிவிட்டு, மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவன். மழைக்கு ஒரு இடி இடித்தால் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவேன். கரண்டு என்றாலே நாலடி தள்ளி நிற்பவன். ஆகவே ஹீட்டர் வந்ததில் முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான். ஏனென்றால் அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்தது ராடு.

வாளியில் தண்ணீரைப் பிடித்து, பாக்குமரச் சிம்பு ஒன்றைக் குறுக்கே போட்டு, அதில் ராடை மாட்டிச் சுவிட்சைப் போட்டுவிடுவார் அண்ணன். தண்ணீர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, சுவிட்சை நிறுத்தாமலே விரலை உள்ளே விடுவார்.

"செருப்புப் போட்டிருக்கறேனுல்ல. ஒண்ணும் பண்ணாது."

ஒரு நாள் அவர் விரலை நீட்டுவதைப் பார்த்ததும் நான் ஓடிப்போய் மெயினை இறக்கிவிட்டேன். உள்ளே டிவி செத்தது. அண்ணி சீரியலின் பாதியில் கத்தினார்.

"ஏந்தம்பி, கரண்டு போயிருச்சா?" என்றார் அண்ணன்.

"இல்லீங்ணா, நாந்தான் நிறுத்துனேன்."

"எதுக்கு?"

"நீங்க செத்துப் போயிருவீங்களோன்னுங்."

"செத்தாச் செத்துட்டுப் போறேன். காஞ்ச தண்ணி ஆறுது பாரு, மொதல்ல போடு."

இதுதான் அவருடைய சிக்கனம். உயிர் போனால் பரவாயில்லை, சூடு போகக் கூடாது.

இதில் என் மனைவிக்கு வந்த கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். சில வருஷங்களாகக் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்கினபடியே விறைத்துக் கிடக்கும். மார்கழி வந்துவிட்டால் மலையிலிருந்து இறங்குகிற காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதோடு, காலையில் எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்து மூடித் திறக்கச் சொன்னார். அப்படி வைத்தால் விரல் விரியும், அன்றைக்கு வேலை ஓடும். வைக்காவிட்டால் மத்தியானம்வரை தையல் மெஷின் சும்மா நிற்கும். நான் மண்டிக்குக் கிளம்பும் முன் மெஷினில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போவேன். நடுவில் நூல் அறுந்துவிட்டால் அவ்வளவுதான், நான் வரும்வரை அது அறுந்தபடியே கிடக்கும்.

அவளுக்கு வேண்டியது கை முங்குகிற அளவு பாத்திரத்தில், ஒரு போசித் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. அடுப்பில் காயவைக்கலாம் என்றால், காலையில் அண்ணி அடுப்பை விட்டு நகர மாட்டார், கேஸுக்கும் அண்ணன் கணக்கு வைத்திருந்தார். இதற்குத்தான் அந்த வீட்டில் அத்தனை பாடு.

ஹீட்டரின் சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே, தன் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் வைத்துக்கொண்டார் அண்ணன். விடிகாலை எழுந்து அவரே போடுவார், அவரே நிறுத்துவார். ஒரு தரம் காய்ந்த தண்ணீரில் வீடே குளித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். காய வைத்த தண்ணீரை அடுத்தடுத்து ஊற்றிக்கொண்டு வந்துவிட்டால் கரண்டு வீணாகாது என்பது எட்டாவது படித்த எனக்கே தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தை நடத்தியவர்கள் யார்? எங்கள் வீட்டு மனிதர்கள்.

எங்கள் ஊரில் மரியாதை என்று ஒரு வியாதி உண்டு. வாசலில் நான்கு பேர் நின்றால் நான்கு பேரும் அடுத்தவரை முதலில் போகச் சொல்லிக்கொண்டு வெயிலில் காய்வார்கள். தண்ணீர் காய்ந்தாயிற்று என்று அண்ணன் சத்தம் கொடுத்ததும் குளியலறை வாசலில் இந்த நாடகம் ஆரம்பிக்கும்.

"நீங்க தண்ணி வாத்துக்கங்க மாமா," என்பாள் என் மனைவி.

"எனக்கென்னம்மணி அவசரம், புள்ளைக்குக் காலேஜ் பஸ்ஸு வந்துரும். நீ போ கண்ணு," என்பார் அண்ணன் மகளிடம்.

"அப்பா நீங்க போங்க, நான் இன்னும் பல்லே வெளக்கல."

"அப்ப தம்பி போகட்டும். மண்டிக்கு நேரமாச்சுல்ல."

"பரவால்லீங்ணா, அண்ணி போகட்டுங்."

"ஐயோ, நான் எதுக்குங் தம்பி, அடுப்புல பால் இருக்குதுங்."

இப்படியே ஆளுக்கு ஆள் போங்க போங்க என்று நிற்கும்போது, ஹீட்டருக்குள் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும். ஆறிவிட்டது என்று தெரிந்ததும் அண்ணன் திரும்பச் சுவிட்சைப் போடுவார். ஒரு தரத்தில் முடிய வேண்டியது மூன்று தரம் ஆகும். கடைசியில் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணன்தான் முதலில் போவார், அப்புறம் மகள், அப்புறம் அண்ணி, அப்புறம் நான். என் மனைவி கடைசி. அத்தனை மரியாதையும் பேசி முடித்து அவள் கைக்கு வந்து சேர்வது, குழாயில் ராத்திரி முழுக்கக் கிடந்த தண்ணீரைப் போலச் சில்லென்று இருக்கும்.

நானாவது எனக்கு முன்னால் அவளைப் போகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொன்னேன். அண்ணிக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவளே மறுத்துவிட்டாள். அந்த மரியாதை வியாதி அவளையும் விடவில்லை.

இதற்கு நடுவில் அண்ணன் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். கண்ணாடி போட்ட ஒருவர் பலகையில் கோடு கிழித்து, ஹீட்டரை அடிக்கடி நிறுத்திப் போட்டால்தான் கரண்டு அதிகம் இழுக்கும், நாள் பூராவும் போட்டே வைக்க வேண்டும் என்று சொன்னாராம். போட்டே வைத்தார். யாரும் குளிக்காத பகலெல்லாம் அந்தச் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. தண்ணீர் சும்மா கிடந்து ஆறுவதும், ஆறினதை அது மறுபடி காய்ச்சுவதுமாக, அடுப்பில் வெறும் சட்டியை வைத்துக் காத்துக் கிடக்கிற கதை. எனக்கு மண்டியில் வேலை ஓடவில்லை. ஹீட்டர் வெடித்துவிட்டது என்று யாராவது ஓடி வருவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கண்ணாடி போடாத இன்னொருவர் வந்து, போட்டே வைப்பவன் மடையன் என்று சொன்னாராம். நிறுத்தினார். அதற்கப்புறம் மொட்டை மாடியில் ஒரு டிரம்முக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்தார், வெயிலிலேயே காயுமாம். காய்ந்தது, மத்தியானம். எல்லாரும் குளிக்கிற நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று அண்ணன் யோசனை சொன்னார். காலேஜ் போகிற பெண்ணிடம், காய்கறி மூட்டைக்குள் நிற்கிற என்னிடம் இதைச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

அந்தத் தடவை மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் வந்துபோன பிறகு, அண்ணன் எங்கள் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தார். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கணக்கே வேறு மாதிரி ஆகிவிடும் என்பது எங்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். நாங்கள் தாண்டியிருந்தோம்.

"நான் யாரையும் குத்தஞ் சொல்லுலீங்க," என்று ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் யாராவது இப்படி ஆரம்பித்தால் குத்தம் வருகிறது என்று அர்த்தம். "ஆனா எனக்குத் தெரிஞ்சு குளிக்கறதுக்கு மேல சுடுதண்ணி எடுக்கறவிய ஒருத்தருதான். கை நனைக்கறதுக்குன்னு தனியா எடுத்தா, அது எங்க போய் நிக்கும்?"

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, எனக்கு வார தண்ணியில சுடுதண்ணி எங்கீங் இருக்குது?"

"நான் பொதுவாச் சொன்னேனுங்கம்மணி."

"பொதுவா இங்க கை வெறச்சுக் கெடக்கறது எனக்கு மட்டுந்தானுங்களே."

அண்ணி பால் பொங்குகிறது என்று சமையலறைக்குள் போய்விட்டார். பால் வாங்கவே இல்லை அன்று. நான் தரையில் கிடந்த பாய் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இருந்த கோழைகளில் நான் முதல் கோழை.

அதற்கு அடுத்த வாரம் ஹீட்டரில் தண்ணீர் காயவே வெகுநேரம் ஆக ஆரம்பித்தது. உள்ளே கடகடவென்று கல் உருளுகிற மாதிரிச் சத்தம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. நச்சரித்து நச்சரித்து எலக்ட்ரீசியனை வரவழைத்தேன். காலையில் வருகிறேன் என்றவன் பொழுது சாயும்போதுதான் வந்தான். அடிப்பக்கத்தைக் கழற்றியதும் பாத்ரூம் தரையில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் கொட்டின. கம்பிச் சுருள் இருந்த இடத்தில் சுண்ணாம்பில் முக்கி எடுத்த முருங்கைக்காய் மாதிரி ஒன்று இருந்தது.

"ஏனுங்ணா, இது ஹீட்டருங்களா, சுண்ணாம்புக் காளவாயிங்களா?" என்றான். சிரித்துக்கொண்டே சுரண்டினான், மாட்டினான், போனான். போனதும் அடியில் சொட்ட ஆரம்பித்தது. அது வேறு கதை.

எல்லாம் போர்வெல் தண்ணீரின் வேலை. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை, அடியில் வெள்ளையாக ஏடு படியும். ஹீட்டருக்கு மேல்தொட்டியிலிருந்து போவது அந்த உப்புத்தண்ணீர்தான். கம்பி மேல் உப்பு மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டால் கம்பி முதலில் உப்பைக் காய்ச்சி, அப்புறம்தானே தண்ணீரைக் காய்ச்சும்? கரண்டு போன வழி கண்ணுக்கு முன்னால் கொட்டிக் கிடந்தது. அண்ணன் அதைக் காலால் ஒதுக்கினார்.

"கம்பெனிக்காரன் ஏமாத்திப்போட்டான்," என்றார்.

என் மனைவிதான் சொன்னாள். "மாமா, ஆத்துத்தண்ணிய ஒரு சின்னத் தொட்டியில ஏத்தி இதுக்கு உட்டா உப்புப் புடிக்காதுங்களே."

அண்ணன் அவளைப் பார்த்த பார்வை, ஹீட்டரில் பசும்பாலை ஊற்றச் சொன்ன மாதிரி இருந்தது. "பவானித் தண்ணியிலயா? குடிக்கற தண்ணிய மேல ஊத்திக்கறதுக்கு நாம என்ன ஜமீனுங்களா?"

பவானித் தண்ணீர் எங்களுக்குக் குழாயில் விட்டு விட்டு வருகிறது. வருகிற நாளில் இருக்கிற குடம், டிரம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைப்போம். நல்ல தண்ணி என்று அதற்குப் பேர். அதைத் தொட்டுக் கை கழுவினால்கூட அண்ணிக்கு நெஞ்சு அடைக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த முறை குழாயில் தண்ணீர் வருகிற அன்று, மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரையெல்லாம் பழசு என்று அண்ணி சலதாரையில் கவிழ்த்துவிடுவார். புதுத்தண்ணீர் பிடிக்கப் பாத்திரம் வேண்டுமே! டிரம் டிரம்மாகப் போகும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். தண்ணீர் வரும் நாளில் சாக்கடையில் ஓடுவது முழுக்க நல்ல தண்ணீர். காப்பாற்றி வைத்ததைக் கொட்டுவதற்காகவே காப்பாற்றுகிற ஜனங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. அண்ணி டிரம்மைச் சாய்க்கும்போது போய் நின்றாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு கொடம் உடுங்க."

"பழசாச்சே அம்மணி, எதுக்கு?"

"கைக்குங்."

அன்றே டவுனுக்குப் போய் ஒரு கரண்டு கெட்டில் வாங்கிவந்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் பிடிக்கும். சுவிட்சைப் போட்டால் பல் விளக்கி முடிப்பதற்குள் கொதித்துத் தானாகவே நின்றுவிடும். அதைப் போசியில் ஊற்றி, இரண்டு பங்கு பச்சைத்தண்ணீர் கலந்தால் கைக்குப் போதும். ஒரு வீடே குளிக்கிற தண்ணீரைக் காயவைத்து அதில் ஒரு போசியை எடுப்பதற்குப் பதில், போசிக்கு வேண்டியதை மட்டும் காயவைப்பது. இதைக் கண்டுபிடிக்கக் காலேஜ் வேண்டாம், வீடியோ வேண்டாம். கெட்டிலின் அடியும் பளபளவென்றே இருந்தது, உப்பு ஒட்டவில்லை. மூன்றாம் நாள் அவள் விரல்கள் விடிகாலையிலேயே விரிந்தன. நான் கெட்டில் வயரைத் தடவித் தடவிப் பார்த்துச் சூடேறவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

அண்ணன் மீட்டரைப் பார்த்துவிட்டார். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு, கரண்டு அதிகம் இழுத்தால் வேகமாக மின்னும். கெட்டிலைப் போட்டதும் அது படபடவென்று மின்னியது.

"தம்பி, இங்க வா. எப்படி அடிக்குது பாரு. நெஞ்சு அடிக்கற மாதிரி அடிக்குது!"

"கொஞ்ச நேரந்தானுங்ணா அடிக்கும். உடனே நின்னுரும்."

"வேகத்தைப் பாரு தம்பி, வேகத்தை."

வேகத்தை மட்டும்தான் பார்ப்பார். எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்க்கவே மாட்டார். அவருடைய ஹீட்டர் மெதுவாகப் பகலெல்லாம் தின்றபோது அதைச் சாது என்று நினைத்தவர். அன்று நான் மண்டியிலிருந்து வந்தபோது கெட்டிலைக் காணோம். பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணன் எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். பூட்டியதையும் மரியாதையாகத்தான் சொன்னார்: "உங்க நல்லதுக்குத்தானுங்கம்மணி. வயர் சூடாகும், தம்பிக்கு வேற பயம்."

என் பயத்தை அவர் சாட்சிக்குக் கூப்பிட்டதுதான் எனக்குச் சுரீரென்றது.

அடுத்த நாள் காலையில் விறைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "ஏனுங், தை பொறந்தா நாம தனியாப் போறோம். இல்லீன்னா நான் பல்லடத்துல எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். நீங்க இங்கியே இருந்து உங்க அண்ணனுக்கு முதுகு தேச்சுட்டு இருங்க."

"இப்ப அண்ணங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"வாயிலதானுங் சொல்லோணும்."

வீடு பார்த்து முடித்தும் ஒரு வாரம் சொல்லாமல் இழுத்தடித்தேன். அண்ணன் என்ன நினைப்பார், ஊர் என்ன பேசும், தனியாகப் போன இடத்தில் வயரிங் சரியாக இருக்குமா, எர்த் இருக்குமா, எல்லாம் மண்டைக்குள் ஓடியது. கடைசியில் அண்ணன் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க அக்கட்ட தனியா ஒரு ஊடு பாத்திருக்கறமுங்."

துவட்டுவதை நிறுத்தாமல் கேட்டார். "எதுக்கு தம்பி?"

"அவ கைக்குத் தண்ணி வேணுமுங்ணா."

துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். அப்புறம் முகத்தை எடுத்தார்.

"போங்க, நல்லா இருங்க. ஆனா ஐந்நூறைத் தாண்டினது நான் இல்லேன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுக்கலாம். நீங்க போனப்புறம் மீட்டரு கொறையும் பாரு."

இத்தனை வருஷம் கூடப் பிறந்தவன் வீட்டை விட்டுப் போகும்போது, ஒரு மனிதனுக்குக் கிடைத்த நிம்மதி அதுதான். கெட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். அதன் மேலேயும் ஏதாவது நட்சத்திரம் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இப்போது ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். ஓர் அறை, ஒரு சமையலறை, கீழே படிக்கட்டோரம் எங்களுக்கென்று தனி மீட்டர். நல்ல தண்ணீர் வருகிற நாளில் நாங்கள் எதையும் கவிழ்ப்பதில்லை. பழைய தண்ணீர் கைக்கும் கெட்டிலுக்கும் போகிறது. குளிக்க ஒரு வாளிக்கு மேல் காய்ச்சுவதில்லை. அண்ணன் வீட்டில் மீட்டர் குறையவில்லை என்று அண்ணியே வந்து சொன்னார். அண்ணன் இப்போது மீட்டரின் மேல் சந்தேகப்படுகிறாராம்.

நேற்றுக் காலையில் அவள் கெட்டிலைப் போட்டதும் நான் கீழே இறங்கிப் போய் மீட்டருக்கு முன்னால் நின்றேன். சிவப்பு விளக்கு படபடவென்று அடித்தது. எனக்கும் அதோடு சேர்ந்து அடித்தது. அண்ணன் நிற்கிற அதே மாதிரி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ரத்தம் எங்கே போகும்? கொஞ்ச நேரத்தில் விளக்கு தளர்ந்து, எப்போதாவது ஒரு முறை மின்னுவதாக ஆயிற்று. அப்புறமும் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டு, நூல் கோக்க வேண்டுமே, மண்டிக்கு நேரமாகிறதே என்று படியேறப் போனேன். அதற்குள் மேலே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மீட்டரைப் பாத்தது போதுமுங்," என்று அவள் குரல் வந்தது. "நூலு நானே கோத்துட்டேன். நீங்க மண்டிக்குக் கெளம்புங்."